நான் நின்ற இடமெல்லாம் நீலம்

எங்கள் தெருவைப் புத்திசாலித் தெருவாக ஆக்குவதென்று நகராட்சி முடிவெடுத்தபோது, முதலில் குடியிருப்பவர்களின் கருத்தைக் கேட்டார்கள். அதுதான் அவர்கள் செய்த முதல் தப்பு. பள்ளிக்கூடக் கூடத்தில் எங்களை உட்கார வைத்து, ஆளுக்கொரு கட்டு ஒட்டுச்சீட்டும் பேனாவும் கொடுத்து, "உங்க தெருவுக்கு என்ன வேணுமோ எழுதி இந்தப் பலகையில ஒட்டுங்க" என்றார்கள். சலூன்காரர் நிழல் வேண்டும் என்று எழுதினார். சலவைக்கடை அம்மாள் வண்டிப் புகை வேண்டாம் என்று எழுதினார். நான் என் கட்டைத் தீர்த்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரரின் கட்டையும் வாங்கி, லிஃப்ட்களைப் பற்றி எழுதினேன். எங்கள் தெருவில் லிஃப்ட் உள்ள கட்டடம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் தெரிந்ததைத்தானே எழுத முடியும்.

வேலையில் இருந்த காலம் முழுவதும் நான் லிஃப்ட் மெக்கானிக். கதை சொல்லும் பழக்கம் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால், பழுது பார்த்துக்கொண்டே கதவு இடுக்கு வழியாக ஒரு கதையை எடுத்துவிடுவேன். உள்ளே இருப்பவர்கள் அசையாமல் கேட்பார்கள். அவர்களால் வேறெங்கும் போக முடியாது என்பதை அதற்கு ஒரு காரணமாக நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. கதைகள் எல்லாமே "ஏழாம் மாடியில லிஃப்ட் நின்னுச்சு" என்றுதான் தொடங்கும். அதனால் தெருவில் எனக்கு ஏழாம் மாடி என்று பெயர். நான் குடியிருப்பது தரைத்தளம்.

கருத்துக் கேட்டு முடித்ததும் வேலைகள் மளமளவென்று நடந்தன. தெருவுக்குள் வண்டிகள் வரக்கூடாதென்று இரு முனைகளிலும் இரும்புக் குத்துக்கால்களை நட்டார்கள். நடுவே மரக்கன்றுகள் வைத்தார்கள். ஒவ்வொன்றும் குடைக்கம்பி பருமன். அதன் நிழலில் ஓர் எறும்பு ஒதுங்கினால் அதன் பின்பாதி வெயிலில் இருக்கும். ஒவ்வொரு கன்றின் அடியிலும் ஒரு கருவியைப் புதைத்தார்கள். மண் காய்ந்தால் அது எங்கள் போனுக்கு 'எனக்குத் தாகமாக இருக்கிறது' என்று செய்தி அனுப்பும். எனக்கு வேறு யாரும் செய்தி அனுப்புவதில்லை என்பதால் நான் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டுவிட்டுத்தான் தண்ணீர் எடுத்துப் போவேன். விளக்குக் கம்பங்களில் ஆள் அடையாளம் தெரியாத ஒரு கேமராக் கண்ணைப் பொருத்தினார்கள். அது முகத்தைப் பார்க்காது, மனிதர்களைப் புள்ளிகளாக மட்டுமே பார்க்கும் என்று உறுதி சொன்னார்கள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது, என் அக்காவைத் தவிர.

அக்கா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். அத்தான் படுக்கையில் விழுந்து, அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்த பிறகு அவள் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதாவது என் வீடு அக்கா வீடாகிவிட்டது. இல்லம் எங்கள் தெருவின் மேல்கோடியில் இருக்கிறது. எங்கள் வீடு கீழ்க்கோடியில். நடுவில் தெரு நல்ல ஏற்றம். முன்பெல்லாம் காலையிலும் மாலையிலும் வாடகை காரில் போய் அத்தானுக்குத் தலைவாரி விட்டு, சோறு ஊட்டிவிட்டு வருவாள். இப்போது கார் உள்ளே வராது. ஊரைச் சுற்றி மேல்கோடிக்குப் போகத் தினமும் இரண்டு வேளை வாடகை கட்டுபடியாகாது. அவள் முழங்கால் ஏற்றம் ஏறாது. பாதித் தூரத்தில் ஒரு நீண்ட மதிற்சுவர், அதை ஒட்டி ஒரு மின்சாரப் பெட்டி. அதன்மேல் கையூன்றி நின்று மூச்சு வாங்குவாள். நின்றபடி முழங்காலுக்கு ஓய்வு கிடைக்குமா? பாதி நாள் அங்கிருந்தே திரும்பிவிடுவாள்.

"இன்னைக்கு என்ன சீக்கிரம் வந்துட்ட?"

"அவர் தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

"தூங்குறார்னு உனக்கு எப்படித் தெரியும்? நீதான் போகவே இல்லையே."

"டேய், வாயை மூடிக்கிட்டு ஸ்டவ்வை அணை."

இல்லத்துச் செவிலி ஒருநாள் என்னிடம் சொன்னாள்: அக்கா வராத மாலைகளில் அத்தான் சாப்பாட்டைத் தொடுவதில்லை, கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் தவழ்ந்தாவது போய்விடுவாள்.

அந்த மதிற்சுவர் ஓரத்தில் ஒரு பெஞ்ச் போட்டால் போதும். ஏறி, உட்கார்ந்து, மறுபடி ஏறலாம். நகராட்சியில் எங்கள் தெருவுக்குப் பொறுப்பான திட்ட அதிகாரியைப் பார்க்கப் போனேன். இளம் பெண். மேசையில் மூன்று திரைகள். என் ஒட்டுச்சீட்டுகளை அவர் மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

"லிஃப்ட் சாரா, வாங்க" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சார், உங்க தெருவுக்கு ஒரே ஒரு பெஞ்ச்தான் இருக்கு. அதை யார் கேட்டாலும் அவங்க வாசல்ல போட முடியாது. முன்னாடி ஒரு தெருவில அப்படிப் போட்டு, பெரிய சண்டையாகிப் போச்சு. அதனால இப்ப எல்லாம் தகவல் அடிப்படையிலதான். ஜனங்க தானா எங்க நின்னு பேசுறாங்களோ அங்க பெஞ்ச்."

திரையில் எங்கள் தெருவைக் காட்டினார். ஆட்கள் கூடி நிற்கும் இடம் சிவப்பு, யாரும் நிற்காத இடம் நீலம். கீழே பேக்கரி வாசலில் நல்ல சிவப்பு. மேலே சலவைக்கடை வாசலிலும் சிவப்பு. நடுவில் மதிற்சுவர் நெடுக நீலம்.

"இதோ பாருங்க மேடம், இங்க ஒரு புள்ளி நிக்குதே. அதுதான் எங்க அக்கா."

"ஒரு புள்ளி கணக்குல வராது சார். கூட்டமா நிக்கணும். மாசக் கடைசியில கூட்டம் போட்டு மேப்பை எல்லாருக்கும் காட்டுவோம். அதுக்கு அடுத்த மாசம் முடிவு."

கூட்டம்தானே வேண்டும். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். வாழ்நாள் முழுவதும் ஆட்களைக் கதையால் கட்டிப் போட்டவன் நான். அக்காவிடம் சொன்னேன்: "அந்தச் சுவரோரம் தினமும் நான் கதை சொல்லப் போறேன். எப்படிக் கூடுறாங்க பாரு."

அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள், டிக்கெட் இல்லாத பயணியைப் பார்ப்பது போல. "சரி, தொப்பி போட்டுக்கிட்டுப் போ" என்றாள்.

மறுநாள் மின்சாரப் பெட்டி ஓரமாக நின்று, முதலில் வந்த சலூன்காரரை மடக்கினேன். "ஏழாம் மாடியில லிஃப்ட் நின்னுச்சு. உள்ள புதுசாக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி. நான் போய்க் கதவைத் திறக்கக் கொஞ்சம் நேரமாயிடுச்சு. போகும்போது ரெண்டு பேரா போனாங்க, வெளிய வரும்போது மூணு பேரா வந்தாங்க. குழந்தை தோள்ல பள்ளிக்கூடப் பை மாட்டியிருந்துச்சு."

"பெரியவரே, ஒரு ஆளை நாற்காலியில உட்கார வெச்சுட்டு வந்தேன். பாதி தாடியோட இருக்கான்."

"அந்தக் குழந்தை என்னைப் பார்த்து என்ன கேட்டுச்சு தெரியுமா?"

தெரிந்துகொள்ள அவர் அங்கே இல்லை. அடுத்து, பேக்கரிப் பையோடு வந்த அம்மாள் ரொட்டி ஆறிவிடும் என்றார். அதற்கடுத்தவர் போனைக் காதில் வைத்து யாரிடமோ பேச ஆரம்பித்தார். அவர் போனைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். வேலைநெருக்கடி மிகுந்த தெரு என்று நினைத்துக்கொண்டேன். விடாமல் அந்த மாதம் முழுவதும் தெருவில் வெவ்வேறு இடங்களில் நின்று ஆட்களைப் பிடித்துச் சுவரோரம் அழைத்துவரப் பாடுபட்டேன். ஒருநாள் கழிவுநீர்ப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்து, என்னைச் சுற்றி மூடிகளைத் திறந்து குனிந்து மோந்து பார்த்தார்கள். அவர்களுக்கும் ஒரு கதை சொன்னேன். ஒரு மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

மாதக் கடைசியில் கூட்டம் வந்தது. கூடம் நிரம்பியிருந்தது. நானும் அக்காவும் முன்வரிசை. திட்ட அதிகாரி பெரிய திரையில் மேப்பை ஓட விட்டார். ஒரு மாதத்து நடமாட்டத்தைச் சுருக்கி, புள்ளிகள் ஓடுவது போலக் காட்டும் படம்.

"இதுல எங்களுக்கே புரியாத ஒரு விஷயம் இருக்கு" என்றார். "இங்க பாருங்க, ஒரு வட்டமான காலி இடம். இது ஒரே இடத்துல இருந்தா பள்ளமோ நாத்தமோன்னு சொல்லலாம். ஆனா இது நகருது."

நகர்ந்தது. கீழ்க்கோடியில் ஒரு வீட்டிலிருந்து அந்த நீல வட்டம் புறப்பட்டு வந்தது. அது பேக்கரியை நெருங்கியதும் அங்கிருந்த சிவப்பு சிதறியது. எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் சோப்புத் துளி விழுந்தால் எப்படி விலகுமோ அப்படி. வட்டம் மேலே ஏறினால் புள்ளிகள் சந்துக்குள் நுழைந்தன. வட்டம் நின்றால் புள்ளிகள் சுவரோடு சுவராக ஒட்டி அதைச் சுற்றிப் போயின. ஒரு புள்ளி வந்த வழியே ஓடி, குத்துக்கால்களைத் தாண்டித் தெருவை விட்டே வெளியேறியது.

"கருவியில கோளாறுன்னு நினைச்சோம், இல்லை. கழிவுநீர்ப் பிரிவையும் அனுப்பினோம். வாயு எதுவும் கசியலைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. உங்க யாருக்காவது இது என்னன்னு தெரியுமா?"

எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். எனக்கும் ஆர்வமாகத்தான் இருந்தது. "நடுவுல ஒரு புள்ளி தெரியுதே, அதைப் பெருசாக்கிக் காட்டுங்க மேடம்" என்று நானே கேட்டேன்.

பெரிதாக்கினார். வட்டத்தின் நட்டநடுவில் ஒற்றைப் புள்ளி. அது தண்ணீர் ஊற்றுபவனைப் போல ஒவ்வொரு மரக்கன்றின் அருகேயும் நின்று நின்று போனது.

சலூன்காரர் மெதுவாக எழுந்து, "மேடம், அது கோளாறு இல்ல. எங்க ஏழாம் மாடி" என்றார்.

அப்புறம் கூடம் சிரித்த சிரிப்பை நான் விவரிக்கப் போவதில்லை. அக்கா சிரித்ததை மட்டும் சொல்கிறேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் கண்ணைத் துடைத்து, மறுபடி மாட்டி, திரையைப் பார்த்து, மறுபடி கழற்றினாள். திட்ட அதிகாரி மட்டும் சிரிக்காமல், "சாரி சார்" என்றார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

போகும்போது சுற்றுவழியில் காரில் போயிருந்தோம். பள்ளிக்கூடம் மேல்கோடிக்குப் பக்கத்தில் என்பதால் திரும்பும்போது இறங்கித்தான் வந்தோம், ஆனாலும் சுவரோரம் அவள் மின்சாரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறக்கம்கூட அந்தக் காலுக்கு ஆகவில்லை.

"நான் பெஞ்ச் வாங்கித் தரேன்னு கிளம்பினேன். இருந்த கூட்டத்தையும் விரட்டிட்டேன்" என்றேன்.

"டேய், நான் ரயில்ல ஏறினா என்ன நடக்கும் தெரியுமா?"

"என்ன நடக்கும்?"

"டிக்கெட் இல்லாதவன் எல்லாம் எனக்கு எதிர்ப்பக்கமா நகருவான். நான் முன்னால ஏறினா அவன் பின்னால. அதனால எப்பவும் ரெண்டு பேரா ஏறுவோம். நான் ஒரு முனையில, இன்னொருத்தர் இன்னொரு முனையில." அவள் தெருவை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப எல்லாரும் எங்க இருப்பானுங்க சொல்லு."

"நடுப்பெட்டியில."

"ம். உன்ன மாதிரி இன்னொரு ஆளைப் பிடி."

என்னைப் போல இன்னொருவர் என்றால் தெருவில் ஒருவர்தான். எதிர்வீட்டு இன்சூரன்ஸ்காரர். அவர் யாரிடமும் முதலில் நலம்தான் விசாரிப்பார், அடுத்து நீங்கள் இறந்தபிறகு குடும்பம் என்ன செய்யும் என்பார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னைப் பார்த்து யார் சார் ஓடுறாங்க? உங்களைப் பார்த்து ஓடுறாங்க, அது மேப்லயே வந்துருச்சு. என்னை ஏன் இழுக்குறீங்க?"

"கோவிச்சுக்காதீங்க. மேப்பை ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க."

என் போனிலேயே பார்த்தார். நகராட்சி அதை எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தது. எதிர்வீட்டிலிருந்து இன்னொரு வட்டம் புறப்படுவதைக் கண்டார். பிறகு மூக்குக்கு அருகே போனைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, "விடுமுறை நாள்ல பாருங்க, உங்களதைவிட என்னது பெருசு" என்றார். அவர் குரலில் ஒரு நிறைவு இருந்தது. அன்றே சம்மதித்துவிட்டார்.

மறுநாள் மாலை நான் பேக்கரி வாசலில் நின்றேன். அவர் பையோடு சலவைக்கடை வாசலில் நின்றார். ரொட்டி வாங்கி வெளியே வந்தவர்கள் என்னைக் கண்டு விறுவிறுவென்று மேலே ஏறினார்கள். பாதித் தூரம் போனதும் மேலே இன்சூரன்ஸ்காரர் கையசைப்பது தெரியும். நிற்பார்கள். மேலிருந்து இறங்குபவர்களும் அப்படியே வந்து நிற்பார்கள். சுவரோரம் சின்னதாக ஒரு கூட்டம், இரண்டு பக்கமும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

"கீழ அந்த ஆள் இருக்கார்."

"மேல இந்த ஆள் இருக்கார்."

"கொஞ்ச நேரம் இங்கயே நிப்போம்."

காரணமில்லாமல் சேர்ந்து நிற்பவர்கள் எவ்வளவு நேரம் சும்மா இருப்பார்கள்? எங்களைத் திட்ட ஆரம்பித்தார்கள். என்னைத் திட்டுவதில் சலவைக்கடை அம்மாளும் பேக்கரிக்காரர் மனைவியும் சிநேகிதிகள் ஆனார்கள், அதுவரை இருவரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. சலூன்காரர் கையோடு கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, காத்திருந்த ஒருவருக்கு அங்கேயே முடிவெட்டி முடித்தார். யாரோ சீட்டுக்கட்டு கொண்டுவந்தார்கள், மின்சாரப் பெட்டி மேசையாயிற்று. என் கதைகளைப் போலச் செய்துகாட்டும் ஒருவர் அங்கே உருவாகி, என்னைவிட நல்ல பெயர் வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். போய்க் கேட்க ஆசைதான். போனால் கலைந்துவிடுமே.

தினமும் போனில் மேப்பைப் பார்த்தேன். சுவரோரம் மஞ்சளாயிற்று, ஆரஞ்சாயிற்று, ஒருநாள் செக்கச்செவேலென்று சிவந்தது. அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். அதே வாரம் இன்சூரன்ஸ்காரர் மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். எல்லாம் போயிற்று என்று பயந்தபடி மேப்பைத் திறந்தேன். சிவப்பு அப்படியே இருந்தது. நாங்கள் இல்லாதபோதும் எங்களுக்குப் பயந்து அங்கேயே நிற்கிறார்கள். எங்கள் கீர்த்தி அந்த அளவுக்கு வேரூன்றியிருந்தது என்று இருவரும் பிறகு பேசிப் பெருமைப்பட்டோம். வேறு எந்த விளக்கமும் எங்களுக்குத் தோன்றவில்லை.

திட்ட அதிகாரி நேரில் வந்து, "ஏன் எல்லாரும் இங்கயே கூடுறீங்க?" என்று கூட்டத்திடம் கேட்டாராம். சலூன்காரர், "இங்க காத்து நல்லா வருது மேடம்" என்றாராம். அந்தச் சுவரோரம் காற்று வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்.

பெஞ்ச் வந்துவிட்டது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்தது, முதுகில் சூரிய ஒளித் தகடு, ஓரத்தில் போனுக்குச் சார்ஜ் ஏற்றும் துளை. நாலு பேர் உட்காரலாம். வந்த அன்றைக்கே நாலு பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

அங்கேதான் நான் எதிர்பார்க்காத சிக்கல் வந்தது. அக்கா ஏறி வருவதைக் கண்டதும் நாலு பேரும் துள்ளி எழுந்து, "வாங்கம்மா, உக்காருங்கம்மா, பாவம் கால் வலிக்கும்" என்பார்கள். அக்காவுக்குப் பாவம் என்ற சொல் ஆகாது. "வேண்டாம், எனக்கென்ன" என்று, இல்லாத வேகத்தை வரவழைத்துக்கொண்டு தாண்டிப் போவாள். பத்தடி தள்ளி ஒரு வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று இரைப்பாள். பிறகு திரும்பி வீட்டுக்கு வந்துவிடுவாள். பெஞ்ச் இருக்கிறது, அத்தான் இன்னும் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"உக்காந்தா என்ன குறைஞ்சா போயிடுவ?" என்று கேட்டேன்.

"எழுந்து இடம் குடுக்குற அளவுக்கு நான் இன்னும் கிழவியாகலை."

"அவங்க எழுந்திரிக்காம நீ எங்க உக்காருவ?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீ செருப்பைப் போடு" என்றாள்.

அன்றைக்கு அவளுக்கு முன்னால் நான் ஏறினேன். பெஞ்சில் நாலு பேரும், சுற்றிச் சிலரும் இருந்தார்கள். நான் போய் நின்று தொண்டையைக் கனைத்து, "ஏழாம் மாடியில லிஃப்ட் நின்னுச்சு" என்றேன். அப்போதுதான் ஒருவருக்கு அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்தது. இன்னொருவர் மனைவி கூப்பிட்டாள், அவள் ஊரில் இல்லை என்பது எனக்குத் தெரியும். சலூன்காரர் போகிறபோக்கில், "நல்லா நடத்துங்க பெரியவரே" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அக்கா வந்து சேர்ந்தபோது பெஞ்ச் முழுவதும் காலி. யாரும் அவளைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை. எல்லோருடைய பரிதாபமும் என்மேல் இருந்தது.

அவள் உட்கார்ந்து, முழங்காலை நீட்டி, முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். வேலை முடிந்ததென்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன் நிறுத்திட்ட? சொல்லு" என்றாள்.

"என்னத்தை?"

"லிஃப்ட் நின்னுச்சு. அப்புறம்?"

"அப்புறம் என்ன, உள்ள ஒரு ஆள். கையில ஒரு கூடை நிறைய முட்டை. நான் கதவைத் திறக்குறதுக்குள்ள முட்டையெல்லாம் பொரிஞ்சு, குஞ்செல்லாம் வளர்ந்து கோழியாகி, ஆளை மூலையில ஒதுக்கிட்டு லிஃப்ட்டை அதுங்களே இயக்க ஆரம்பிச்சிருச்சு."

"அப்புறம்?"

இதுவரை யாரும் என்னிடம் இரண்டாவது அப்புறம் கேட்டதில்லை. லிஃப்டில் மாட்டியவர்கள் கதவு திறந்ததும் ஓடிவிடுவார்கள். தெருவில் அதற்கும் முன்னாலேயே. என்னிடம் இருக்கும் கதை ஒன்றுக்குக்கூட முடிவு கிடையாது. தேவைப்பட்டதே இல்லை.

"எதுக்குக் கேக்குற? நீ எப்ப என் கதையைக் கேட்டிருக்க?"

"எனக்கு வேண்டாம்டா. அங்க போனா தினமும் அவர்கிட்ட சொல்றதுக்கு என்கிட்ட என்ன இருக்கு? என் முழங்கால், அவரோட இருமல். அது ரெண்டும் ரெண்டு பேருக்குமே தெரியும். நீ இதை முடிச்சுக் குடு. நான் கொண்டுபோய்ச் சொல்றேன்."

"முடிக்கறதுன்னா கொஞ்சம் யோசிக்கணும்."

"யோசி" என்றாள் அக்கா. முதுகைச் சாய்த்து, இன்னொரு காலையும் நீட்டிக்கொண்டாள். "நான் உக்காந்துதானே இருக்கேன்."